பல் செட்டுக்குள் ஓர் உலோகத் தகடு

சிப்காட் பூங்காவை நம்பி அடுக்கு வீடுகள் எழும்பிவிட்ட சிறுசேரியில், மகனோடும் மகளோடும் வந்து தங்கியிருக்கும் முதியவர்களுள் பல் செட்டு அணிந்தவர்கள் இல்லாமலிரார். அது ஒருநாள் நட்டநடுவில் இரண்டாகப் பிளந்து கையோடு வந்துவிட்டால், ‘மட்டமான சரக்கு’ என்று கட்டிக் கொடுத்த வைத்தியரை நிந்திப்பதும் உலக சகஜந்தான். ஆனால் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கமுடையவர்கள் விஷயத்தில் சரக்கின்மேல் மட்டும் பழி போடுவது நியாயமாகாது.

1930-களின் பிற்பகுதி முதல், பல் செட்டுகளில் வல்கனைட் என்னும் கெட்டி ரப்பரின் இடத்தைப் பிடித்துக்கொண்ட அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக், இலகுவானது, ஈற்றின் நிறத்தையே ஒத்தது, பழுதுபார்க்கவும் எளியது. ஓயாமல் வளைக்கப்படுவதைத் தாங்கும் சக்திதான் அதற்குக் குறைவு. மேல் செட்டைக் கழற்றிப் பாருங்கள்: முன்புறத்து நடுவில், உதட்டைத் தாடையோடு பிணைக்கும் மெல்லிய சவ்வுக்காக ஒரு சிறு வெட்டு விடப்பட்டிருக்கும். பல் போனபின் வருஷக்கணக்கில் இருபுறத்து ஈற்றெலும்பும் கரைந்து தாழ, அண்ணத்தின் கெட்டியான நடுப்பகுதி மட்டும் தாழாது நிற்பதால், செட்டு அதன்மேல் அமர்ந்து, ஒவ்வொரு கடிக்கும் இருபுறமும் வளைகிறது. கம்பியை ஒரே இடத்தில் மடக்கி மடக்கி ஒடிப்பதுபோல, அந்த வெட்டிலே ரோமம் போன்ற விரிசலொன்று தோன்றிப் பின்னோக்கி ஓடுகிறது. கீழ்த்தாடையில் சொந்தப் பற்களே இருந்துவிட்டால் உபத்திரவம் இன்னும் அதிகம்.

இதற்குப் பரிகாரமாகத்தான் கோபால்ட்–குரோமியக் கலப்பு உலோகத்தால் வார்த்த தகட்டையோ, அக்ரிலிக்குக்குள் புதைக்கும் உலோக வலையையோ வைத்தியர்கள் உபயோகிக்கிறார்கள். அக்ரிலிக்கைவிடப் பன்மடங்கு விறைப்பான அவ்வுலோகம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனத்திலேயே வளையாமல் நிற்கும். காப்பியின் சூடு அண்ணத்தில் உறைப்பதும் அதனால் கிடைக்கும் ஓர் உபரி சுகம். ஆயினும் வழவழப்பான கம்பியொன்றை ஏதோ ஓரிடத்தில் புதைத்துவிடுவது பலமன்று. உலோகமும் அக்ரிலிக்கும் தாமாக ஒட்டுவதில்லையாகையால், அவற்றின் இடைவெளியே புதிய விரிசலுக்கு வாசலாகிவிடும். உலோகத்தின்மேல் அலுமினாத் துகளைப் பீச்சிச் சொரசொரப்பாக்கி, பிணைக்கும் பூச்சும் இட்டு, விரிசல் ஓடக்கூடிய வழிக்குக் குறுக்கே அதை அமைப்பதில்தான் தொழிலின் சாமர்த்தியம் இருக்கிறது. ஈற்றைத் தொடும் பக்கம் முழுவதும் உலோகமானால், பிற்பாடு எலும்பு கரையும்போது உட்புறத்தை நிரப்பிச் சரிசெய்வது சிரமம் என்பதையும் மறக்கலாகாது.

என் அபிப்பிராயத்தில், உலோகம் காப்பது செட்டையேயன்றி வாயை அல்ல. கடிக்கும் பழக்கம் தொடருமட்டும் அதன் வேகம் அடியிலுள்ள ஈற்றையும் எலும்பையுமே சென்று தாக்கும். ஆகையால் தகட்டுக்குப் பணம் கட்டுமுன், கேளம்பாக்கத்துச் செட்டிநாடு பல் மருத்துவக் கல்லூரியிலோ வேறெங்கோ, செட்டு சரியாகப் பொருந்துகிறதா, கடி சமமாக விழுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரவில் படுக்கப் போகுமுன் அதைக் கழற்றி, கழுவி, தண்ணீரில் போட்டு வையுங்கள்.