உங்களுக்குத் தெரியுமா? தீவகத்து மூலிகைகளும் ஈரல் புற்றுநோயும்

● யாழ்ப்பாணத் தீவகத்து மணல் வளவுகளில் தானாக முளைக்கும் பட்டிப்பூதான் நித்தியகல்யாணி. 1950களில் கனடாவில் நோபிள், பியர் என்ற இருவர் நீரிழிவுக்கு மருந்து தேடி அதன் சாற்றை எலிகளுக்குக் கொடுத்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை, இரத்த வெள்ளணுக்கள்தான் இறங்கின. அப்படிக் கிடைத்ததே வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து. ஆனால் ஈரல் புற்றுநோய்க்கு அது பெரிதாகக் கைகொடுக்கவில்லை.

● மாரி மழைக்குத் தலைகாட்டும் கீழ்க்காய்நெல்லியைச் செங்கமாரிக்கு அரைத்துக் கொடுப்பது ஊர்வழக்கம். ஈரல் புற்றுநோய்க்கு முக்கிய காரணங்களுள் ஒன்றான ஹெப்படைடிஸ் பி வைரஸ் தொற்றியவர்களுக்குச் சென்னையில் இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் அடையாளப் புரதம் மறைந்ததாக 1988இல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது. பிறகு வேறு நாடுகளில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிட்டவில்லை.

● கருஞ்சீரகம், நன்னாரி வேர், பறங்கிக்கிழங்கு இனத்துக் கிழங்கு ஒன்று: இம்மூன்றும் சேர்ந்த கசாயம் இலங்கை நாட்டு வைத்தியர் குடும்பம் ஒன்றின் கைமுறை. இரசாயனம் கொடுத்து ஈரலில் புற்றுக்கு முந்திய மாற்றங்களை உண்டாக்கிய எலிகளில், அந்த மாற்றங்களை இக்கசாயம் மட்டுப்படுத்தியதை இலங்கை ஆய்வாளர்கள் 2003இல் எழுதினார்கள். மனிதருக்கான சிகிச்சையாக அது இன்னும் நிறுவப்படவில்லை.

● ஈரல் புற்று வெளியே பரவினால் பெரும்பாலும் நுரையீரலுக்கே போகும். இப்பரவலை மூலிகைச் சத்து தடுக்குமா என்று ஆய்வுகூடத்தில் பார்ப்பது இப்படி: நுண்துளைச் சவ்வொன்றின்மேல் கூழ் பூசி, அதன்மேல் புற்றணுக்களை விடுவார்கள். கூழைக் கரைத்து எத்தனை அணுக்கள் மறுபக்கம் போயின என்று எண்ணுவார்கள். மஞ்சளின் குர்குமினும் மரமஞ்சளின் பெர்பெரினும் அந்த எண்ணிக்கையைக் குறைத்திருக்கின்றன.

● ஆனால் விழுங்கும் குர்குமினில் இரத்தத்தில் சேர்வது சொற்பமே. கறியில் போடும் மஞ்சளால் பயமில்லை. செறிவூட்டிய மஞ்சள் குளிசைகளால் ஈரல் பழுதான சம்பவங்கள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியுள்ளன.

● ஆவாரையிலும் கிலுகிலுப்பை இனம் ஒன்றிலும் ஈரலைக் கெடுக்கும் நச்சுப்பொருள் இருப்பதை இலங்கை ஆய்வாளர்கள் 1981இலேயே வெளியிட்டார்கள். மூலிகை என்றால் கெடுதல் செய்யாது என்ற பேச்சு எடுபடாது.

● ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி 2003 முதல் இலங்கைக் குழந்தைகளுக்கான தேசியத் திட்டத்தில் இருக்கிறது. ஈரல் புற்றைத் தடுப்பதில் எந்த மூலிகையும் இதற்கு ஈடாக நிரூபிக்கப்படவில்லை.

● நெடுந்தீவார் தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போக, குறிகட்டுவானுக்குப் படகேறி, புங்குடுதீவு, வேலணை தாண்ட வேண்டும். அலைச்சலுக்குப் பயந்து கைமருந்தோடு நின்றால் நோய் முந்திவிடும். கசாயம் குடிப்பவர்கள் அதையும் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.