குழந்தைகளின் தீராத வயிற்றுவலி: அரிய குடல் புற்றுநோயில் ஒவ்வொரு நாளும் முக்கியம்

சாந்தன்பாறை: குழந்தைக்கு வயிற்றுவலி என்றால் பூச்சித் தொல்லை அல்லது அஜீரணம் என்றே பெற்றோர் முதலில் கருதுவர். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் மிக அரிதாக, பர்கிட் லிம்போமா எனும் நிணநீர்ப் புற்றுநோயும் அதற்குக் காரணமாகலாம்.

இந்நோயை 1958-ல் உகாண்டாவில் பணியாற்றிய அறுவை சிகிச்சை நிபுணர் டெனிஸ் பர்கிட் விவரித்தார். ஆப்பிரிக்கக் குழந்தைகளின் தாடையில் அவர் கண்ட இக்கட்டி, பிற நாடுகளில் வயிற்றிலேயே அதிகம் தோன்றுகிறது. குறிப்பாக, நிணநீர்த் திசு மிகுந்த சிறுகுடலின் கடைப்பகுதியில் உருவாகிறது. பெருங்குடல், மலக்குடலில் இது அரிது.

கட்டி காரணமாகக் குடலின் ஒரு பகுதி மற்றொன்றுக்குள் செருகிக்கொள்வதுண்டு. கைக்குழந்தைகளுக்கு இத்தகைய குடல் செருகல் பெரும்பாலும் தெளிவான காரணமின்றி ஏற்படுகிறது. சற்று வளர்ந்த குழந்தைக்கு ஏற்பட்டால், பின்னணியில் கட்டி உள்ளதா என ஆராய்வது அவசியம்.

இக்கட்டி ஓரிரு நாட்களிலேயே இருமடங்காகக்கூடியது. எனினும் வேகமாகப் பெருகும் செல்கள் என்பதால், கீமோதெரபிக்கு நன்கு கட்டுப்படும். உரிய காலத்தில் சிகிச்சை பெறும் குழந்தைகளில் பெரும்பாலானோர் குணமடைகின்றனர். அழியும் செல்களின் கழிவு சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதால், குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவு உள்ள மருத்துவமனையே ஏற்றது. திருவனந்தபுரத்தில் 1981-ல் தொடங்கப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையத்தில் அப்பிரிவு உள்ளது.

சாந்தன்பாறை போன்ற மலைத்தோட்டப் பகுதிகளிலிருந்து அங்கு செல்வது நெடும்பயணம். எனவே முதல் அறிகுறியிலேயே விழிப்பு தேவை. நீடிக்கும் வலி, பச்சை நிற வாந்தி, மலத்தில் ரத்தம், வயிற்று வீக்கம், எடை குறைவு ஆகியவை தென்பட்டால், கைவைத்தியத்தில் நாள் கடத்தாமல் மருத்துவரை அணுக வேண்டும். வயிற்று ஸ்கேன் பரிசோதனையே கட்டியைக் கண்டறியும் முதல் படி.