அழுகை ஓய்ந்த வார்டு

1949இல் லண்டன் மருத்துவமனைகளின் பார்வையாளர் நேரங்களைத் திரட்டி ஒரு பத்திரிகை வெளியிட்டது. கைஸ் மருத்துவமனையில் குழந்தையைப் பார்க்க வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு மணி வரை. செயின்ட் பார்த்தலோமியூவில் புதன்கிழமை ஒன்றரை மணி நேரம். வெஸ்ட் லண்டன் மருத்துவமனையில் பார்க்கவே முடியாது. செயின்ட் தாமஸில் முதல் ஒரு மாதம் பெற்றோர் வரக்கூடாது. ஆனால் இரவு ஏழிலிருந்து எட்டு மணிக்குள் வந்தால், தூங்கும் குழந்தையை மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம்.

நம்மூர் அரசு ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதை நம்பக் கஷ்டமாக இருக்கும். அங்கே ஒரே கட்டிலில் தாயும் பிள்ளையும் ஒண்டிக்கொண்டிருப்பார்கள். கட்டிலுக்கடியில் பாய், ஃபிளாஸ்க், தூக்குவாளி. உள்ளே விடச் சொல்லி வாசலில் வாட்ச்மேனிடம் மல்லுக்கு நிற்கும் பாட்டி. லண்டன் வார்டுகளில் இந்த இரைச்சல் கிடையாது. வெள்ளை விரிப்பு, வரிசையாகக் கட்டில்கள், அமைதி.

பெற்றோரைத் தள்ளி வைத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. தொண்டை அடைப்பான் போன்ற தொற்று ஒரு வார்டுக்குள் நுழைந்தால் கட்டில் கட்டிலாகக் குழந்தைகளைக் கொண்டுபோன காலத்தில் வந்த விதி அது. தடுப்பூசியும் பெனிசிலினும் வந்து பயம் தணிந்த பிறகும் விதி தங்கிவிட்டது. அதற்குள் இன்னொரு நியாயமும் அதனுடன் சேர்ந்திருந்தது. அம்மா வந்து போனால்தான் குழந்தை அழுகிறது, வராத நாளில் சமர்த்தாக இருக்கிறது, ஆகவே வராமலிருப்பதே குழந்தைக்கு நல்லது. வார்டை நடத்தியவர்கள் கொடுமைக்காரர்கள் அல்லர். தினமும் கண்ணால் பார்த்ததை வைத்துத்தான் இப்படிச் சொன்னார்கள்.

அதே குழந்தைகளைப் பார்த்து வேறொன்றைச் சொன்னவர் டாக்டர் அல்லர். ஜேம்ஸ் ராபர்ட்சன் 1911இல் ஸ்காட்லாந்தில் ஒரு தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது, குடும்பம் சிதறிய குழந்தைகளுக்காக அன்னா ஃப்ராய்டும் டாரதி பர்லிங்ஹாமும் லண்டனில் ஒரு காப்பகம் நடத்தினார்கள். ராபர்ட்சனுக்கு அங்கே பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மனைவி ஜாய்ஸ் குழந்தைகளைக் கவனித்துக்கொண்டார். அன்னா ஃப்ராய்ட் ஒரு கட்டளை போட்டிருந்தார்: காப்பகத்தில் யார் என்ன வேலை செய்தாலும், குழந்தைகளிடம் கண்டதைச் சிறு அட்டையில் எழுதித் தர வேண்டும். பாய்லர்காரருக்கும் விலக்கில்லை. விளக்கம் சொல்லாமல், பார்த்ததைப் பார்த்தபடி எழுதும் பழக்கம் ராபர்ட்சனுக்கு இங்கேதான் வந்தது.

போருக்குப் பிறகு அவர் மனநல சமூகப் பணியாளராகப் பயிற்சி பெற்று, 1948இல் டாவிஸ்டாக் கிளினிக்கில் ஜான் பௌல்பியிடம் சேர்ந்தார். தாயைப் பிரிந்த குழந்தைக்கு என்ன ஆகிறது என்பதே பௌல்பியின் ஆராய்ச்சி. வசதியான வீட்டில் ஆயா கையில் வளர்ந்தவர் அவர்; தாயை மாலையில் ஒரு மணி நேரம் பார்த்தால் உண்டு. நாலு வயது ஆவதற்குள் பிரியமான ஆயா வேலையை விட்டுப் போனதைத் தாயை இழந்ததற்குச் சமமாகவே கடைசி வரை நினைத்தார். ராபர்ட்சனை அவர் அனுப்பிய இடம், லண்டன் சென்ட்ரல் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் குழந்தைகள் வார்டு.

அங்கே ராபர்ட்சன் கண்டது ஒரு வரிசை. முதலில் குழந்தை கத்தும். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி, வருகிறவர்களில் எல்லாம் அம்மாவைத் தேடும். சில மணி நேரம் முதல் சில நாள் வரை இது நீளலாம். பிறகு சத்தம் குறையும். சோறு வேண்டாம், விளையாட்டு வேண்டாம், விட்டு விட்டு ஒரு முனகல். இந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் வார்டில் ‘பழகிவிட்டது’ என்றார்கள். ராபர்ட்சன் அதை ‘நம்பிக்கை இழப்பு’ என்றார். நாட்கள் நீண்டால் மூன்றாவது கட்டம் வரும். குழந்தை மறுபடி சாப்பிடும், சிரிக்கும், எந்த நர்ஸ் வந்தாலும் கையை நீட்டும். ஆனால் அம்மா வரும்போது அடையாளம் தெரியாததுபோல இருக்கும். அவள் கொண்டுவந்த மிட்டாய்மேல் இருக்கும் ஆசை அவள்மேல் இருக்காது. வார்டு இதைப் பூரண குணமாக எடுத்துக்கொண்டது. மூன்றில் மோசமானது இதுதான் என்றார் ராபர்ட்சன். வேதனை தாங்காத குழந்தை, அதற்குக் காரணமான ஆசையையே உள்ளே பூட்டிவிட்டது என்பது அவர் கணிப்பு.

டாக்டர்களின் கூட்டங்களில் இதைச் சொன்னபோது யாரும் காது கொடுக்கவில்லை. சமூகப் பணியாளர் சொல்வதை டாக்டர் ஏன் கேட்க வேண்டும்? சரி, கண்ணால் பார்க்கட்டும் என்று முடிவு செய்தார். அதுவரை சினிமா கேமராவைத் தொட்டதில்லை.

1951இல் அவர் படமெடுத்த குழந்தைக்கு வயது இரண்டு வருடம் ஐந்து மாதம். படத்தில் பெயர் லாரா. தொப்புள் குடலிறக்கத்துக்கு ஒரு சிறு அறுவை சிகிச்சை, எட்டு நாள் தங்கல். வேண்டுமென்றே அழுமூஞ்சிக் குழந்தையைத் தேர்ந்தெடுத்தார் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்பதற்காகக் காத்திருப்போர் பட்டியலிலிருந்து குருட்டாம்போக்கில் எடுத்த பெயர் அது. அழும் நேரமாகப் பார்த்துக் கேமராவை ஓட்டினார் என்ற பேச்சும் வரக்கூடாது. தினமும் குறித்த நேரங்களில் மட்டும் எடுத்தார், வார்டின் சுவர்க் கடிகாரம் படத்தில் தெரியும்படி. எதிர்க்கட்சி வக்கீல் என்ன கேட்பார் என்று முன்கூட்டியே யோசித்து வைத்த சாட்சியம் அது.

ஒரு வேடிக்கை, லாரா அதிகம் அழும் குழந்தையே அல்ல. தன்னை அடக்கிக்கொள்ளத் தெரிந்த பெண். அதனால்தான் படம் அவ்வளவு வலிக்கிறது. கரடிப் பொம்மையையும் வீட்டுப் போர்வையையும் இறுக்கிப் பிடித்திருக்கிறாள். முகம் கோணுகிறது, சமாளித்துக்கொள்கிறாள். நடுநடுவே, ஏதோ சாதாரண விஷயம் கேட்பதுபோல, அம்மா எங்கே என்கிறாள். அம்மா வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கொஞ்ச நேரம் போனால்தான் இளகுகிறாள். வீட்டுக்குப் புறப்படும் நாளில் தன் சாமான்களை ஒன்று விடாமல் எடுத்துக்கொள்கிறாள். அம்மா நீட்டிய கையை மட்டும் பிடிக்கவில்லை. சில மாதங்கள் கழித்து அந்தப் படத்தின் ஒரு பகுதியை எதேச்சையாகப் பார்த்தபோது, முகம் சிவக்க, அம்மாவை நோக்கி அவள் கேட்டது ஒரே கேள்வி: நீ எங்கே இருந்தாய்?

1952 நவம்பரில் லண்டன் ராயல் சொசைட்டி ஆஃப் மெடிசினில் படம் திரையிடப்பட்டது. எழுந்தது கைதட்டல் அல்ல, கோபம். இந்தக் குழந்தை விதிவிலக்கு, இது எங்கள் தொழிலுக்கு அவமானம் என்றார்கள். அப்படிக் கோபப்பட்டவர்களில் ஒருவர் டெர்மாட் மெக்கார்த்தி, அமர்ஷாம் மருத்துவமனையின் குழந்தை மருத்துவர். தன் வார்டுக்குத் திரும்பியதும் அவருக்கு ஒரு சங்கடம் நேர்ந்தது. அதுவரை காதில் விழாத அழுகை இப்போது கேட்க ஆரம்பித்தது. வார்டு சிஸ்டர் ஐவி மாரிஸின் துணையோடு தாய்மார்களைக் குழந்தையுடனே தங்கவிட்டார். 1958இல் ராபர்ட்சன் இரண்டாவது படத்தை எடுத்தது அதே வார்டில்தான். சாலி என்ற இருபது மாதக் குழந்தை, பக்கத்தில் அம்மா.

இதை முதலில் செய்தவர் மெக்கார்த்தி என்றும் சொல்ல முடியாது. நியூகாசிலில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் 1920களிலேயே தாய்மார்களைக் குழந்தையோடு அனுமதித்தவர். முப்பது வருடம் மற்ற ஊர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை, அவ்வளவுதான்.

1959இல் சர் ஹாரி பிளாட் தலைமையிலான அரசுக் குழு அறிக்கை தந்தது. பெற்றோர் எந்நேரமும் வரலாம், சிறு குழந்தையோடு தாய் தங்க வசதி வேண்டும், குழந்தைகளைப் பெரியவர்கள் வார்டில் போடக்கூடாது. அரசு ஏற்றுக்கொண்டது, மருத்துவமனைகள் பல அசையவில்லை. 1961இல் ராபர்ட்சன் பத்திரிகையிலும் பிபிசியிலும் பெற்றோரிடமே நேரடியாகப் பேசினார். அதைக் கேட்ட லண்டன் பேட்டர்சீ பகுதித் தாய்மார்கள் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்து, எந்த ஆஸ்பத்திரியில் விதி மாறியிருக்கிறது, எங்கே காகிதத்தில் மட்டும் இருக்கிறது என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். அறிக்கை நடைமுறைக்கு வந்ததில் பெரும்பங்கு இந்த அம்மாக்களுடையது.

கதையை இங்கேயே முடித்துவிட்டால் ஓர் அநியாயம் நிற்கும். உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951இல் பௌல்பி எழுதிய அறிக்கை, தாயின் அன்பு இடையறாமல் கிடைப்பது குழந்தையின் மனநலத்துக்கு அத்தியாவசியம் என்றது. அதை வைத்துக்கொண்டு, வேலைக்குப் போகும் பெண்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவர்கள் ஏராளம். இன்றும் பால்வாடியில் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்கு ஓடும் பெண்ணிடம் யாராவது ஒருவர் அதையே வேறு வார்த்தையில் சொல்லிக்கொண்டிருக்கிறார். 1972இல் மைக்கேல் ரட்டர் என்ற மனநல மருத்துவர் இந்த வாதத்தைப் பிரித்து அலசினார். பிரிவு என்பது ஒன்றல்ல. குழந்தைக்கு நெருக்கமானவர் தாயாக மட்டுமே இருக்க வேண்டியதும் இல்லை என்றார். 1946ஆம் ஆண்டின் ஒரே வாரத்தில் பிறந்த 5,362 பிரிட்டிஷ் குழந்தைகளை வளர வளரப் பின்தொடர்ந்த ஆய்வில், ஐந்து வயதுக்குள் நெடுநாளோ திரும்பத் திரும்பவோ மருத்துவமனையில் இருந்தவர்களுக்குப் பதின்வயதில் நடத்தைச் சிக்கல்கள் கூடுதலாக இருந்ததை 1975இல் ஜே.டபிள்யூ.பி. டக்ளஸ் காட்டினார். அடுத்த வருடம் ரட்டரும் டேவிட் குவின்டனும் செய்த ஆய்வில், ஒரு வாரத்துக்கு உட்பட்ட ஒரே ஒரு தங்கலுக்கு அப்படிப்பட்ட தொடர்பு தெரியவில்லை. ஒரு தடவை டிரிப்ஸ் ஏற்றப் படுத்த பிள்ளையின் வாழ்க்கை பாழாகிவிட்டதோ என்று எந்தத் தாயும் தகப்பனும் கலங்க வேண்டியதில்லை.

பிரிவில் எது காயப்படுத்துகிறது, எது தாங்க வைக்கிறது? விடைக்கு மிக அருகில் போனவர்கள் ராபர்ட்சன் தம்பதிதான். 1960களின் கடைசியில் அவர்கள் எடுத்த படங்களில் ஒன்றில் ஜான் என்ற பதினேழு மாதப் பையன் வருகிறான். அம்மா பிரசவத்துக்குப் போயிருக்க, ஒன்பது நாள் ஒரு குழந்தைகள் விடுதியில் இருக்கிறான். அங்கிருந்த இளம் நர்ஸ்கள் நல்லவர்கள். ஜான் ஒருத்தியைப் பிடித்துக்கொள்கிறான். அவள் ஷிஃப்ட் முடிந்து போய்விடுகிறாள். அடுத்தவளிடம் போகிறான், அவளுக்கு வேறு பிள்ளைகள். கடைசியில் தன்னைவிடப் பெரிய கரடிப் பொம்மையைக் கட்டிக்கொண்டு படுத்துவிடுகிறான். ஒன்பதாம் நாள் அம்மா வந்ததும் அலறித் திமிறி அவள் பிடியிலிருந்து விலகுகிறான்.

இதே காரணத்துக்காகத் தாயைப் பிரிந்த வேறு நான்கு குழந்தைகளைத் தம்பதியர் தங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். முன்கூட்டியே குழந்தையைப் பழக்கப்படுத்தினார்கள். சாப்பாடு, தூக்கம் எல்லாம் அதன் வீட்டு வழக்கப்படியே. அம்மாவின் புகைப்படத்தைக் காட்டி, அவளைப் பற்றிப் பேசினார்கள். அப்பா வந்து பார்த்துப் போனார். அந்தப் பிள்ளைகளுக்கும் ஏக்கம் இருந்தது, கோபம் வந்தது. ஆனால் ஜானைப்போல நொறுங்கவில்லை. அம்மா வந்ததும் அவளிடம் போய்விட்டார்கள். இந்த வேறுபாட்டைப் பார்த்தபின் பௌல்பியோடு ராபர்ட்சனுக்குக் கருத்து வேறுபாடே வந்தது. பிரிவு மட்டுமே குழந்தையை உடைப்பதில்லை, மாறாத ஒரு முகம் பக்கத்தில் இல்லாததுதான் உடைக்கிறது என்பது தம்பதியரின் முடிவு.

கூட்டுக் குடும்பத்தில் சித்தியிடமும் ஆச்சியிடமும் வளர்ந்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இருக்காது. ஆனால் நாம் சாதாரணமாகச் செய்யும் ஒன்றை இந்த ஆராய்ச்சி கேள்வி கேட்கிறது. குழந்தைக்குப் போக்குக் காட்டிவிட்டு, அது பார்க்காத நேரத்தில் நழுவிப் போவது. அந்த நிமிடத்து அழுகை மிச்சம்தான். ஆனால் திரும்பிப் பார்த்தால் ஆள் மாயமாகிவிடலாம் என்று கற்றுக்கொண்ட குழந்தை, அடுத்த முறை சேலைத் தலைப்பை விடாது. போய்விட்டு எப்போது வருவேன் என்று அதற்குப் புரியும் கணக்கில், ‘பருப்பு சாதம் சாப்பிட்டு முடித்ததும்’ என்பதுபோல், சொல்லிவிட்டுப் போனால் அழும்; அழட்டும். ஊசி வலிக்காது என்று சொல்வதும் இந்த ரகம்தான். கொஞ்சம் வலிக்கும், நான் கையைப் பிடித்துக்கொள்கிறேன் என்பது மேல். அழுக்குப் போர்வையானாலும் வீட்டுப் போர்வையை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகலாம். டிஸ்சார்ஜ் ஆகி வந்த பிள்ளை சில நாள் படுக்கையை நனைக்கும், காலைச் சுற்றும், காரணமில்லாமல் அடிக்கவும் வரும். செல்லம் கொடுத்துக் கெட்டுவிட்டது என்று அதட்டுவதற்கு முன், இத்தனை நாள் விழுங்கிய கோபத்தை வெளிப்படுத்தும் தைரியம் அதற்கு வீட்டில்தான் வந்திருக்கிறது என்று யோசிக்க இடமுண்டு. வாரக்கணக்கில் குறையாவிட்டால் டாக்டரிடம் கேட்பது நல்லது.

பொது வார்டில் தாயைத் தள்ளாத நம் மருத்துவமனைகளிலும் ஒரு கதவு மூடியே இருந்தது: பச்சிளங் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு. காரணம் அதே தொற்றுப் பயம். டெல்லி ராம் மனோகர் லோஹியா மருத்துவமனை, கை கழுவுவதிலிருந்து ஆரம்பித்துப் பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்து உள்ளே விட்டுப் பார்த்தது. அந்த அனுபவத்தை வைத்து 2017இல் மத்திய சுகாதார அமைச்சகம் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. அடுத்த கட்டம் இன்னும் துணிச்சலானது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில், எடை குறைந்து பிறந்த 3,211 குழந்தைகளை வைத்து உலக சுகாதார நிறுவனம் ஓர் ஆய்வு நடத்தியது. ஒரு பாதிக் குழந்தைகளுக்கு, உடல்நிலை சீராகும்வரை காத்திராமல், பிறந்தவுடனேயே தாயின் மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பு. அதற்காகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்கும் கட்டில் போட்டார்கள். மறு பாதிக்கு வழக்கமான முறை. 28 நாளுக்குள் இறந்தவர்கள் வழக்கமான முறையில் 15.7 சதவீதம், தாயோடு இருந்தவர்களில் 12 சதவீதம். முடிவுகள் 2021இல் வெளியாயின. ஆய்வு திட்டமிட்ட எண்ணிக்கை வரை போகவில்லை. பலன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால், அதைக் கண்காணித்த குழுவே பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டது.