கொடிக்கம்பத்தின் நிழல் எந்தப் பக்கம்?

ஒரு சின்னக் கேள்வி. நண்பகலில் உங்கள் பள்ளிக் கொடிக்கம்பத்தின் நிழல் எந்தப் பக்கம் விழும்?

பெரியவர்களிடம் கேட்டால் பலர் "வடக்குப் பக்கம்" என்பார்கள். சிலர் "உச்சி வெயிலில் ஏதப்பா நிழல், காலடியிலேயே கிடக்கும்" என்பார்கள். ஜூலை மாதம் கொல்லிமலையில் ஒரு பள்ளி மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். நிழல் தெற்கே விழுந்திருக்கும். இரண்டு பதிலுமே அன்றைக்குத் தவறு!

பாடவேளை, சத்துணவு மணி, கொடியேற்றம், ஆண்டுக்கு நாலைந்து விழா. எல்லாப் பள்ளியிலும் நடப்பவைதான் இவை. தனியாக ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளியில்கூட இந்த அன்றாட வேலைகளுக்குள்ளேயே நிறைய அறிவியல் இருக்கிறது. அளக்க ஒரு கோலும் எழுத ஒரு நோட்டும் இருந்தால் போதும். அதற்கு எடுத்துக்காட்டாகக் கொல்லிமலையைப் பார்ப்போம்.

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி கொல்லிமலை. மலையாளி என்ற பழங்குடி மக்கள் வாழும் ஊர்கள் நிறைந்தது. தொலைவிலுள்ள ஊர்ப் பிள்ளைகள் அரசு உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கிறார்கள். மிளகும் காபியும் பலாவும் சாமையும் விளையும் இந்த மலையைப் பற்றி இரண்டு எண்களை மட்டும் நினைவில் வையுங்கள். மலைமேல் உள்ள ஊர்கள் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே ஏறக்குறைய பதினொன்றேகால் டிகிரியில் இருக்கிறது மலை. முதல் எண் பஸ்ஸுக்கும் சமையலறைக்கும் விளக்கம் சொல்லும். இரண்டாவது எண் கொடிக்கம்பத்துக்கு.

பஸ்ஸில் உப்பும் பாக்கெட்

விடுமுறை முடிந்து அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து பஸ் ஏறுகிறது. மேலே போய்ச் சேர 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வழியிலேயே காது அடைக்கும். எச்சில் விழுங்கினால் 'டப்' என்று திறந்துகொள்ளும்.

காற்றுக்கும் எடை உண்டு. பத்துக் கம்பளியை அடுக்கினால் அடியில் இருப்பதன்மேல் பாரம் அதிகம், மேலே இருப்பதன்மேல் குறைவு அல்லவா? காற்றும் அப்படித்தான். மலைமேல் ஏறினால் நம் தலைக்கு மேலே இருக்கும் காற்று குறைந்துவிடுகிறது. கொல்லிமலையில் காற்றழுத்தம் அடிவாரத்தைவிடக் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு குறைவு. செவிப்பறைக்கு உள்ளே இருப்பதோ அடிவாரத்துக் காற்று. அது வெளியே தள்ளப் பார்க்கிறது, காது அடைக்கிறது. விழுங்கும்போது காதிலிருந்து தொண்டைக்குப் போகும் மெல்லிய குழாய் திறக்கும். உள்ளே வெளியே அழுத்தம் சமமாகிவிடும்.

மலைமேல் கடைகளில் சரம் சரமாகத் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்டைப் பாருங்கள். வெடித்துவிடுமோ என்று தோன்றும் அளவுக்கு உப்பியிருக்கும். கடைக்காரர் கூடுதலாகக் காற்று அடைக்கவில்லை. சமவெளியில் அடைத்த காற்று மேலே வந்ததும் விரிந்துகொள்கிறது, அவ்வளவுதான்.

இதையே திருப்பிச் செய்து பாருங்கள். மலைமேல் ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டிலை இறுக மூடி, கீழே இறங்குகிறவரிடம் கொடுத்தனுப்புங்கள். காரவள்ளி போய்ச் சேர்ந்ததும் பாட்டில் எப்படி இருந்தது என்று கேளுங்கள். பக்கவாட்டில் ஒடுங்கிப்போயிருக்கும். யாரும் நசுக்கவில்லை, அடிவாரத்துக் காற்று நசுக்கியது.

சத்துணவுக் கூடத்தில் வெப்பமானி

அடுத்தது சத்துணவுக் கூடம். கோழிப் பண்ணைக்குப் பெயர்போன மாவட்டம் நாமக்கல். அங்கே கிடைக்கும் முட்டை மலைக்கு வந்ததும் ஒரு மாற்றத்தைச் சந்திக்கிறது.

தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அது கடல் மட்டத்தில். மேலே போகப் போக, ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் குறையும். கொல்லிமலையில் தண்ணீர் சுமார் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊட்டியில் 92, 93 டிகிரி. லடாக்கின் லே நகரில் 88 டிகிரியை ஒட்டி.

கொதிப்பது என்றால் தண்ணீருக்குள்ளேயே நீராவிக் குமிழ்கள் உண்டாகி மேலே வருவது. மேலிருந்து அழுத்தும் காற்று அந்தக் குமிழ்களை நசுக்கப் பார்க்கும். அழுத்தம் குறைந்த மலையில் குமிழ்களுக்கு வேலை சுலபம். அதனால் குறைந்த சூட்டிலேயே கொதிக்கிறது.

"சீக்கிரம் கொதித்தால் சமையலும் சீக்கிரம் ஆகிவிடுமே?" என்று கேட்பீர்கள். ஆகாது! கொதிக்க ஆரம்பித்த தண்ணீர், அடுப்பில் எவ்வளவு விறகு வைத்தாலும் அதற்குமேல் சூடாகாது. விறகு கூடினால் ஆவிதான் கூடும். ஆக, மலையில் பருப்பும் முட்டையும் 100 டிகிரியில் வேகவில்லை. 96 டிகிரியில் வேகின்றன. வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும். முட்டையின் வெள்ளைக்கரு 62 டிகிரி வாக்கிலேயே இறுகத் தொடங்கிவிடும் என்பதால் அதற்குப் பெரிய சிரமமில்லை. துவரம்பருப்புதான் அடம்பிடிக்கும். மூடி போட்ட குக்கர் ஆவியை உள்ளேயே அடைத்து அழுத்தத்தைக் கூட்டுவதால், அதற்குள் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டிப் போகிறது. மலை குறைத்ததைக் குக்கர் ஈடுகட்டுகிறது.

தமிழ்நாட்டில் 2022 நவம்பரில் தொடங்கிய 'வானவில் மன்றம்', 6 முதல் 8ஆம் வகுப்பு வரை படிப்பவர்களுக்காக அறிவியல் சோதனைகளைப் பள்ளிக்கே கொண்டுவருகிறது. மன்றம் உங்கள் பள்ளிக்கு வரும் நாளில் ஆய்வக வெப்பமானியை வைத்து ஆசிரியரின் கையால் கொதிநீரை அளக்கச் சொல்லுங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியை மட்டும் கொதிநீரில் விட்டுவிடாதீர்கள், உடைந்துவிடும்.

ஓரியின் வில்லும் ரப்பர் வளையமும்

ஆடி மாதம் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா. ஆகஸ்ட் முதல் வாரத்தில் வரும். கடையெழு வள்ளல்களில் ஒருவரான ஓரி, இந்த மலையை ஆண்ட சங்ககாலக் குறுநில மன்னர். அவர் எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார்.

ஐந்தைத் துளைத்தது கவிஞரின் வியப்பு. ஆனால் வில்லுக்குள் இருக்கும் இயற்பியல் நிஜம். நாணை இழுக்கும்போது உங்கள் கையின் ஆற்றல் வளைந்த வில்லில் போய்ச் சேர்கிறது. விட்டதும் அது அம்பின் வேகமாக மாறுகிறது. சோதிக்க வில் வேண்டாம். ஒரு ரப்பர் வளையம், உருட்டிய காகிதப் பந்து போதும். யாரும் எதிரே நிற்காத திடலில், வளையத்தை 5 செ.மீ. இழுத்து விட்டுத் தூரத்தை அளந்து எழுதுங்கள். அடுத்து அதே சாய்வில் 10 செ.மீ. இழுத்து விடுங்கள். இழுப்பு இரண்டு மடங்கானால் பந்து போகும் தூரமும் இரண்டு மடங்குதானா? முதலில் ஊகித்து எழுதிவிட்டு, பிறகு அளந்து பாருங்கள்.

நிழல் இடம் மாறும் நாட்கள்

இப்போது இரண்டாவது எண், பதினொன்றேகால் டிகிரி.

பூமியின் அச்சு இருபத்து மூன்றரை டிகிரி சாய்ந்திருக்கிறது. அதனால் சூரியன் நேர் உச்சியில் நிற்கும் இடம் ஆண்டு முழுக்க நகர்ந்துகொண்டே இருக்கும். ஜூன் 21 வாக்கில் அது கடகரேகையில், டிசம்பர் 22 வாக்கில் மகரரேகையில். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள எந்த ஊரையும் உச்சிச் சூரியன் போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை கடக்கும். அந்த இரண்டு நாட்களில் நண்பகலில் செங்குத்தான பொருளுக்கு நிழலே தெரியாது. நிழலில்லா நாள் என்பது இதுதான். டெல்லி கடகரேகைக்கு வடக்கே இருப்பதால் அங்கே இது நடக்கவே நடக்காது.

கொல்லிமலைக்கு நிழலில்லா நாள் ஏப்ரல் 19, 20ஐ ஒட்டி ஒன்று, ஆகஸ்ட் 23, 24ஐ ஒட்டி ஒன்று. ஏப்ரல் 20க்குப் பிறகு ஆகஸ்ட் 23 வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அதனால்தான் ஜூலையில் கொடிக்கம்பத்தின் நிழல் தெற்கே விழுந்தது.

கம்பத்துக்குப் பதில் ஒரு மீட்டர் கோலைத் தரையில் செங்குத்தாக நட்டால் அளப்பது எளிது. ஒரு நாளில் எந்த நேரத்தில் நிழல் மிகக் குட்டையாக இருக்கிறதோ அதுதான் அந்த ஊரின் உண்மையான நண்பகல். கொல்லிமலையில் கடிகாரம் 12 காட்டும்போது பெரும்பாலான நாட்களில் நண்பகல் ஆகியிருக்காது. நம் கடிகாரங்கள் உத்தரப் பிரதேசத்து மிர்சாபூர் அருகே செல்லும் எண்பத்திரண்டரை டிகிரி தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகின்றன. கொல்லிமலை அதற்கு நாலு டிகிரிக்குமேல் மேற்கே இருக்கிறது. ஒரு டிகிரிக்கு நாலு நிமிடம் என்பதால் சூரியன் நம் உச்சிக்கு வரச் சுமார் 17 நிமிடம் தாமதம். பூமி சூரியனைச் சுற்றும் வேகம் சீராக இல்லாததாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும் இன்னும் சில நிமிடங்கள் கூடும், குறையும். எனவே 12 மணியிலிருந்து 12.35 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் ஒரு கல்லை வையுங்கள்.

பள்ளி கொண்டாடும் நாட்களையே அளக்கும் நாட்களாக வைத்துக்கொள்ளலாம். ஒரு மீட்டர் கோலுக்குக் கொல்லிமலையில் வரவேண்டிய மிகக் குட்டையான நிழல் இதோ:

ஜூலை 15, காமராசர் பிறந்தநாளான கல்வி வளர்ச்சி நாள்: தெற்கே சுமார் 18 செ.மீ.
ஆகஸ்ட் 15, சுதந்திர தினம்: தெற்கே சுமார் 5 செ.மீ.
ஆகஸ்ட் 23, 24: நிழல் இல்லை.
செப்டம்பர் 5, ஆசிரியர் தினம்: வடக்கே சுமார் 8 செ.மீ.
நவம்பர் 14, குழந்தைகள் தினம்: வடக்கே சுமார் 57 செ.மீ.
ஜனவரி 26, குடியரசு தினம்: வடக்கே சுமார் 58 செ.மீ.
பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாள்: வடக்கே சுமார் 35 செ.மீ.

கொடியேற்றுகிற இரண்டு நாட்களை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆறு மீட்டர் கம்பம் என்றால், சுதந்திர தினத்து நண்பகலில் அதன் நிழல் தெற்கே ஓர் அடிதான். குடியரசு தினத்திலோ வடக்கே மூன்றரை மீட்டர்!

சென்னைக்கு ஒரு போன் செய்தால்

உச்சிச் சூரியன் ஆகஸ்ட் 18 வாக்கில் சென்னையைக் கடக்கும். ஐந்து நாள் கழித்துக் கொல்லிமலையை, 27 வாக்கில் மதுரையை, செப்டம்பர் 1 வாக்கில் கன்னியாகுமரியை.

ஆகஸ்ட் 18 அன்று சென்னையில் ஒரு பள்ளியோடு போனில் பேசி, இரண்டு இடத்திலும் ஒரு மீட்டர் கோல் நடுங்கள். நேரம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை; அவரவர் ஊரில் நிழல் மிகக் குட்டையாகும்போது அளந்தால் போதும். சென்னையில் நிழல் இராது. கொல்லிமலையில் சுமார் 3 செ.மீ. இருக்கும். இந்த 3 செ.மீ. நிழலுக்கு உரிய கோணம் சுமார் 1.8 டிகிரி. சென்னை, கொல்லிமலையைவிட வடக்கே இருக்கும் தூரம் ஏறக்குறைய 200 கி.மீ. (சாலைத் தூரம் வேண்டாம், நேர் வடக்காக அளக்கும் தூரம்தான் கணக்கு.) 1.8 டிகிரிக்கு 200 கி.மீ. என்றால் முழு வட்டமான 360 டிகிரிக்கு எவ்வளவு? கணக்குப் போடுங்கள். 40,000 கி.மீ. வருகிறதா? அதுதான் பூமியின் சுற்றளவு!

2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எரடோஸ்தனிஸ் என்ற அறிஞர் இதே முறையில்தான் பூமியை அளந்தார். அவருக்குச் சயீன், அலெக்சாந்திரியா என்ற இரண்டு ஊர்கள் கிடைத்தன. உங்களுக்குச் சென்னையும் கொல்லிமலையும்.

ஒரு சிக்கல் உண்டு. ஆகஸ்டில் மலைமேல் மேகம் வந்து மூடிக்கொள்ளும். அதற்காகச் சோர்ந்துவிடாமல் முன்னும் பின்னும் நாலைந்து நாள் அளந்து வையுங்கள். விடுபட்ட நாளின் நிழலை மற்ற நாட்களின் அளவுகளைக் கொண்டே கணித்துவிடலாம். ஆண்டுக்கு ஆண்டு தேதி ஒரு நாள் முன்பின்னாக மாறினாலும் இது உதவும்.

கடைசியாக ஒன்று. உங்கள் கோல் காட்டிய அளவும் மேலே உள்ள அளவும் ஒத்துப்போகவில்லை என்றால், அச்சில் இருக்கும் எண்ணை நம்பி உங்கள் நோட்டில் இருப்பதை அழிக்காதீர்கள். கோல் சாய்ந்திருந்ததா? தரை சரிவா? குட்டை நிழலின் நேரம் தவறிவிட்டதா? ஒவ்வொன்றாகத் தேடுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் உங்கள் எண் வேறாகவே வந்தால், என் கணக்கைச் சரிபார்த்து இந்த இதழுக்கு ஒரு கடிதம் போடுங்கள்.