உழவு இயந்திரத்தின் பற்றரி மின்னேறாதிருத்தல்: காரணங்களும் சோதிக்கும் முறையும்

பெரும்போகத்து முதல் மழை பெய்தபின் நிலத்தைப் பண்படுத்தக் கிடைக்கும் நாட்கள் சிலவே. அந்நாட்களில் ஒரு காலை உழவு இயந்திரம் இயங்க மறுப்பின் உழவு பிந்தும். உழவு பிந்தின் விதைப்பும் பிந்தும். மரக்கறிச் செய்கையாளரின் சிறு லொறி விடியற்காலையில் நின்றுவிடின், பறித்த கத்தரியும் போஞ்சியும் சந்தையைத் தவறவிடுகின்றன. இவ்விரு இடர்களுக்கும் பெரும்பாலும் பற்றரியே குற்றஞ் சாட்டப்படுகிறது. புதிய பற்றரி வாங்கிப் பொருத்தப்படுகிறது; சில நாட்களில் அதுவும் வெறுமையாகிறது. குறை பற்றரியில் அன்று, அதற்கு மின்னேற்றும் பகுதியில் இருந்தமையே காரணம்.

இக்குறை பகலில் மறைந்திருக்கும் இயல்புடையது. பொறிமுறைப் பம்பியுள்ள டீசல் இயந்திரம் ஒருமுறை இயங்கத் தொடங்கியபின் மின்சாரமின்றியே ஓடும். நாள் முழுதும் உழுது முடித்த சாரதிக்கு ஒரு குறையுந் தெரியாது. மறுநாட் காலை திறப்பைத் திருப்பும்போதே உண்மை வெளிப்படும்.

கராஜ்களில் ஒல்ரனேற்றர் என வழங்கும் மின்பிறப்பாக்கியின் உள்ளே சுழலும் பகுதி ஒரு மின்காந்தமாகும். இரு காபன் பிறஷ்களின் வழியே சிறிதளவு மின்னோட்டம் அதற்குச் செல்கின்றது. அது சுழலுகையில் சுற்றியுள்ள கம்பிச் சுருள்களில் ஆடலோட்டம் பிறக்கும். பற்றரி ஏற்பது நேரோட்டமே. ஆகையால் டயோட்கள் அதனை மாற்றிக் கொடுக்கின்றன. மின்னழுத்தம் அளவு கடவாமற் காப்பது சீராக்கி.

முதலிற் பார்க்கவேண்டியவை

இயந்திரத்தை நிறுத்தி, முதலில் பெல்ற்றைப் பார்த்தல் வேண்டும். இரு கப்பிகளுக்கிடையே பெருவிரலால் அழுத்தும்போது அது ஏறக்குறைய 10 முதல் 13 மில்லிமீற்றர் வரை தாழ்தல் போதும். மிகத் தளர்ந்திருப்பின் கப்பியில் வழுக்கும். மிக இறுகியிருப்பின் போளைகள் தேய்ந்து கெடும். வழுக்கும் பெல்ற்றின் பக்கங்கள் கண்ணாடிபோற் பளபளக்கும். விளக்கைப் போட்டு வேகத்தைக் கூட்டும்போது கீச்சென்ற ஒலியுங் கேட்கும். சேற்றுழவில் சிதறும் சேறும், சூடடிக்கும் காலத்துப் பதரும் தூசும் ஒல்ரனேற்றரின் காற்றுத் துவாரங்களை அடைப்பதால் அது சூடேறிப் பழுதுபடும். தூரிகையால் அவற்றை அகற்றுக. நீரைப் பீய்ச்சிக் கழுவுதல் நன்றன்று.

அடுத்து பற்றரி முனைகள். அவற்றிற் படியும் வெண்மையான அல்லது பச்சையான பொருக்கு மின்னோட்டத்தைத் தடுக்கும். எதிர்முனையை முதலிற் கழற்றி, அப்பச்சோடா கரைத்த நீரால் கழுவி, உலர்த்தித் தேய்த்து, எதிர்முனையை இறுதியாகப் பூட்டியபின் வசிலின் பூசுக. சோடாநீர் பற்றரியின் உள்ளே செல்லலாகாது. உடற்சட்டத்தோடு சேரும் கம்பியின் மறுமுனையையும் மறத்தலாகாது. சேற்றிலுழைக்கும் இயந்திரங்களில் துருப்பிடிப்பது பெரும்பாலும் அம்மூட்டே. பற்றரியின் அருகில் பீடியோ சுருட்டோ பற்றவைத்தல் ஆபத்து. அதிலிருந்து வெளிவரும் ஐதரசன் வாயு வெடிக்கக்கூடியது.

மீற்றரால் அளத்தல்

மலிவான மீற்றர் ஒன்று கமக்காரரிடம் இருத்தல் பயனுள்ளது. சில மணி நேரம் ஓய்ந்திருந்த 12 வோல்ற் பற்றரி, நிறைந்திருப்பின் 12.6 வோல்ற் அளவிற் காட்டும், 12.2 எனின் ஏறக்குறையப் பாதி. 12க்குக் கீழ் எனின் வெறுமையாகிவிட்டது. பின் இயந்திரத்தை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டு, பற்றரி முனைகளில் மீண்டும் அளக்குக. 13.8க்கும் 14.5க்கும் இடையே நிற்பின் மின்னேற்றம் நடைபெறுகின்றது. முன்னைய அளவிலேயே நின்று மெல்ல இறங்கின் நடைபெறவில்லை. 15ஐக் கடப்பின் சீராக்கி பழுது. பற்றரி நீர் கொதித்து வற்றும்.

ஒல்ரனேற்றரின் பெரிய முனையில் 14 காட்டி, பற்றரியிற் குறைவாகக் காட்டின், குறை இடைக்கம்பியிலோ மூட்டிலோ உள்ளது. விளக்குகள் எரிய இயந்திரம் ஓடும்போது அவ்விரு இடங்களுக்குமிடையே அரை வோல்ற்றுக்கு மேல் வேறுபாடு இருத்தலாகாது. இதனை அறியாது நல்ல ஒல்ரனேற்றரைக் கழற்றி எறிந்தவர் பலர். கணினியால் மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்தும் அண்மைக்கால லொறிகளுக்கு இவ்வளவுகள் முழுதும் பொருந்தா.

எச்சரிக்கை விளக்கு

திறப்பைத் திருப்பியதும், இயந்திரம் இயங்குமுன், மின்னேற்ற விளக்கு எரிதல் வேண்டும். பல வகைகளில் காந்தத்துக்கான தொடக்க மின்னோட்டம் இவ்விளக்கின் வழியே செல்கின்றது. ஆகையால் சிறு மின்குமிழ் ஒன்று எரிந்துபோனாலும் மின்னேற்றம் தொடங்காதிருக்கலாம். விளக்கு எரியாவிடின், ஒல்ரனேற்றரிலுள்ள அதன் மெல்லிய கம்பியைக் கழற்றி உடற்சட்டத்தில் தொடுக. அப்போது எரியின் குமிழும் கம்பியும் நன்று. பிறஷ் அல்லது சீராக்கி பழுது. பல வகைகளில் இவை தனியாகக் கிடைக்கும் சிறு பாகங்கள். முழு ஒல்ரனேற்றர் வாங்குமுன் இதைக் கேட்டறிதல் வேண்டும்.

செய்யத்தகாதவை

இயந்திரம் ஓடும்போது பற்றரி முனையைக் கழற்றி, இயந்திரம் நிற்கின்றதா எனப் பார்க்கும் வழக்கம் டைனமோக் காலத்தது. ஒல்ரனேற்றரில் அவ்வாறு செய்யின் மின்னழுத்தம் திடீரென உயர்ந்து டயோட்களையும் சீராக்கியையும் எரித்துவிடும். வேறொரு பற்றரியால் இயக்கும்போது முனைகளை மாற்றிப் பூட்டினாலும் இதே கேடு விளையும். பழைய உழவு இயந்திரங்கள் சிலவற்றில் நேர்முனையே உடற்சட்டத்தோடு இணைக்கப்பட்டுள்ளது. இதனைப் பார்த்தபின்பே கம்பியைத் தொடுதல் வேண்டும். இயந்திரத்திலோ அதனோடு பூட்டிய பெட்டியிலோ ஒட்டுவேலை செய்யுமுன் பற்றரியினதும் ஒல்ரனேற்றரினதும் இணைப்புகளைக் கழற்றுக.

பகலில் அளவுகள் சரியாயிருந்தும் இரவில் பற்றரி வெறுமையாயின், டயோட் ஒன்று கசியக்கூடும். திறப்பை அகற்றிச் சில மணி நேரம் கழித்து ஒல்ரனேற்றரைத் தொட்டுப் பார்க்க, அது இளஞ்சூடாயிருப்பின் ஐயம் வலுக்கும். முற்றும் வெறுமையான பற்றரியை ஒல்ரனேற்றரே நிரப்புமென விடுதலும் தவறு. அது அளவுமீறி உழைத்துச் சூடேறும். வெளியே கொடுத்து மின்னேற்றிய பின்பே பூட்டுக. போகம் முடிந்து இயந்திரம் வாரக்கணக்கில் நிற்குமாயின், எதிர்முனையைக் கழற்றி, மாதமொருமுறை பற்றரிக்கு மின்னேற்றி வைத்தல் வேண்டும். வெறுமையாய்க் கிடக்கும் பற்றரியின் ஈயத்தகடுகளில் கடினமான படிவு ஏறும். அதன்பின் அது முழு மின்னேற்றத்தை ஏற்காது.