பழைய கம்ப்யூட்டரில் புதிய ஹார்டு டிஸ்க்: பதறாமல் பார்க்க வேண்டியவை



பேரேடும் சிட்டையும் இரும்புப் பெட்டியில் இருந்த காலத்தில் கரையானுக்கும் மழைக்கும் பயந்தோம். இன்று வரவு செலவு, கடன் பாக்கி, ஜி.எஸ்.டி. பில் அத்தனையும் கையகல ஹார்டு டிஸ்கில் அடங்கிவிட்டன. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரக் கடைகளில் பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஓடிய கம்ப்யூட்டர்கள் இன்றும் பில் போடுகின்றன. டிஸ்க் மக்கர் செய்ததும் ரிச்சி தெருவுக்குப் போய்ப் புதியது வாங்கி வந்து மாட்டுகிறோம். திரையில் அது தெரியாவிட்டால் "டிஸ்க் போலி" என்கிறோம் நாம். "கம்ப்யூட்டரையே மாற்றுங்கள்" என்கிறார் மெக்கானிக். பெரும்பாலும் இரண்டும் தேவைப்படாது. பதறாத காரியம் சிதறாது. வரிசையாகப் பார்த்தால் குறை எங்கே என்பது தெரிந்துவிடும்.

முதல் வேலை, பழைய டிஸ்க் ஓடும்போதே கணக்கை இரண்டு பென் டிரைவில் பிரதி எடுப்பது. பழைய டிஸ்க் திறக்க மறுத்தாலோ, "டக் டக்" என்று சத்தம் போட்டாலோ அதை மேலும் ஓட்டக் கூடாது. தகவல் மீட்பவரிடம் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, வாங்கும் முன் ஒயரைப் பாருங்கள். இப்போது விற்கும் சாதாரண டிஸ்குகள் சாட்டா என்னும் மெல்லிய ஒயரில் மாட்டுபவை. மிகப் பழைய கம்ப்யூட்டரில் அகலமான பட்டை ஒயர்தான் இருக்கும். அதில் இது நேராகச் சேராது.

மூன்றாவது, மாட்டிய பிறகு பயாஸில் பாருங்கள். கம்ப்யூட்டர் தொடங்கும்போதே டெலீட் அல்லது எஃப் 2 பொத்தானை அழுத்தினால் அந்தத் திரை வரும். அங்கே டிஸ்கின் பெயர் இல்லையென்றால் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, தகவல் ஒயர், பவர் ஒயர் இரண்டையும் கழற்றி மாட்டுங்கள். வேறு ஒயர், வேறு துளை போட்டுப் பாருங்கள். பழைய பவர் சப்ளை பலமிழந்திருந்தாலும் டிஸ்க் எழும்பாது.

நான்காவது, பயாஸில் பெயர் வந்தும் விண்டோஸில் காணவில்லையா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். புதுக் கிடங்கு எடுத்தால் தரையில் கட்டை போட்டு, இடம் பிரித்த பிறகே மூட்டைகளை அட்டி போடுகிறோம். புது டிஸ்கும் அப்படித்தான். 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' பகுதியில் அதைத் துவக்கி, பிரித்து, ஃபார்மேட் செய்தால்தான் கண்ணில் தெரியும். அந்த நேரத்தில் பழைய டிஸ்கின் ஒயரைக் கழற்றி வைப்பது நல்லது. பழையதில்தான் விண்டோஸ் இருக்கிறது என்றால், ஃபார்மேட் செய்யுமுன் டிஸ்கின் அளவைப் பார்த்து எது புதியது என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். எங்கள் வட்டாரத்து மளிகைக் கடை ஒன்றில், வந்த ஆள் புதியது என்று எண்ணிப் பழைய டிஸ்கையே துடைத்துவிட்டார். கடைக்காரர் பில் கட்டுகளை வைத்து மாதக்கணக்கில் மறுபடி பதிந்தார். பில் இல்லாத கைமாற்றுப் பாக்கி போனது போனதுதான்.

ஐந்தாவது, 1 டி.பி. டிஸ்க் 931 ஜி.பி. என்று காட்டினால் கடைக்காரரோடு சண்டை வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024 ஆல் வகுக்கிறது. ஒரே சரக்கைக் கிலோவிலும் வீசையிலும் நிறுத்தது போலத்தான். பழைய எம்.பி.ஆர். முறைப் பிரிப்பில் 2 டி.பி.க்கு மேல் பயன்படாது. பில் வேலைக்கு அவ்வளவு தேவையும் இல்லை.

ஆறாவது, புது டிஸ்க் மாட்டியதும் கம்ப்யூட்டர் விண்டோஸே இல்லை என்று சொன்னால், காலியான டிஸ்கில் அது தேடிக்கொண்டிருக்கலாம். பயாஸில் 'பூட்' வரிசையில் விண்டோஸ் உள்ள டிஸ்கை முதலில் வையுங்கள்.

ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36 ஆம் பிரிவு, ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்கைக் காக்கச் சொல்கிறது. 2023-24 ஆம் ஆண்டுக் கணக்கு 2030 டிசம்பர் முடிய நம் கையில் இருந்தாக வேண்டும். ஆகவே புதியதில் கணக்கு சரியாகத் திறக்கிறதா, பாக்கித் தொகைகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே பழைய டிஸ்கை அகற்றுங்கள். அதையும் காயலான் கடைக்குப் போடாமல் பெயர், தேதி எழுதி இரும்புப் பெட்டியில் வையுங்கள். பிரதி எடுத்த பென் டிரைவில் ஒன்று கடையிலும் ஒன்று வீட்டிலும் இருக்கட்டும்.