திருப்பித் தர வேண்டாத முதல்

வணிகத்தில் இறங்குபவருக்குப் பணம் வரும் வழி மூன்று என்று நாம் பழகியிருக்கிறோம்: சொந்தக் கைமுதல், வட்டிக்கு வாங்கும் கடன், இலாபத்தில் பங்கு கேட்கும் கூட்டாளி. இந்த மூன்றிலும் சேராத ஒரு வழியை அமெரிக்க அரசு 1982-ஆம் ஆண்டில் சட்டமாகவே இயற்றியது. புதிய மருந்தோ மருத்துவக் கருவியோ உருவாக்க முயலும் சிறு நிறுவனத்துக்கு அரசு பணம் தருகிறது. வட்டி கிடையாது. அசலைத் திருப்பித் தர வேண்டியதில்லை. நிறுவனத்தில் ஒரு பங்கும் கேட்பதில்லை.

நம் உறுப்பினர்கள் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று மருந்தியலும் உயிர்மருத்துவப் பொறியியலும் படிக்கிறார்கள். "ஒரு கருவி செய்து பார்க்கிறேன், இருபது லட்சம் வேண்டும்" என்று மகனோ மகளோ கேட்கும்போது, கடைப் பத்திரத்தை வங்கியில் வைக்கலாமா என்று யோசிக்கும் பெற்றோரும் நம்மிடையே உண்டு. அவர்களை மனத்தில் கொண்டே இதைச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

எஸ்.பி.ஐ.ஆர். என்று சுருக்கமாக அழைக்கப்படும் இத்திட்டத்துக்கு வித்திட்டவர் ரோலண்ட் டிபெட்ஸ். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையில் அதிகாரியாக இருந்தவர். அரசு தரும் ஆய்வுப் பணம் பெரிய பல்கலைக்கழகங்களுக்கும் பெரிய கம்பெனிகளுக்குமே போய்ச் சேர்கிறது, சிறு நிறுவனங்களின் கைக்கு எட்டுவதில்லை என்று கண்டு, 1977-இல் ஒரு சோதனைத் திட்டம் தொடங்கினார். அது பலன் தரவே 1982 ஜூலையில் அதிபர் ரீகன் சட்டத்தில் கையொப்பமிட்டார். தங்கள் பங்கு குறையும் என்று பல்கலைக்கழகங்கள் எதிர்த்தன. பந்தியில் புதிதாக ஓர் இலை போட்டால் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்கள் முகம் சுளிப்பது எல்லா ஊரிலும் உள்ளதுதானே.

சட்டத்தின் அமைப்பு எளிமையானது. வெளியாருக்கு ஆண்டுக்குப் பத்துக் கோடி டாலருக்கு மேல் ஆய்வுப் பணம் தரும் ஒவ்வொரு அரசுத் துறையும் அதில் ஒரு சிறு விகிதத்தைச் சிறு நிறுவனங்களுக்கென ஒதுக்கிவைக்க வேண்டும். முதல் ஆண்டில் இது நூறு டாலருக்கு 20 சென்ட். 2017-க்குள் 3 டாலர் 20 சென்ட் ஆனது. மருத்துவ ஆய்வுக்கு உலகிலேயே அதிகமாகப் பணம் தரும் அரசு அமைப்பு அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள், அதாவது என்.ஐ.எச். ஆகவே இந்தச் சிறு விகிதமே அங்கு ஆண்டுக்கு நூறு கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

யார் கேட்கலாம்? இலாப நோக்குள்ள நிறுவனமாக இருக்க வேண்டும். பணியாளர் 500 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஆய்வு அமெரிக்காவிலேயே நடக்க வேண்டும். உரிமையில் பெரும்பகுதி அந்நாட்டுக் குடிமக்களிடமோ நிரந்தரக் குடியுரிமை பெற்றவர்களிடமோ இருக்க வேண்டும். துணிகர முதலீட்டு நிறுவனங்கள் பெரும்பங்கு வைத்திருப்பவற்றுக்கு இந்தக் கடைசி விதியில் பிற்பாடு சிறிது தளர்வு வந்தது.

பணம் மூன்று கட்டமாகப் பிரிகிறது. இதுதான் நாம் கவனிக்க வேண்டிய இடம். முதல் கட்டம் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை. எண்ணம் செயல்படுமா என்று பார்ப்பதற்கு மட்டும். தேறினால் இரண்டாம் கட்டம், ஏறத்தாழ இரண்டாண்டு. மாதிரியைச் செய்து, சோதித்து, திருத்துவதற்கு. 1992-ஆம் ஆண்டுச் சட்டம் முதல் கட்டத்துக்கு 1,00,000 டாலர், இரண்டாம் கட்டத்துக்கு 7,50,000 டாலர் என்று அளவு வைத்தது. பின்னர் அது பலமுறை உயர்த்தப்பட்டது. மூன்றாம் கட்டம் உற்பத்தியும் விற்பனையும். அதற்கு இத்திட்டத்திலிருந்து ஒரு டாலரும் கிடையாது.

கிடைத்த பணத்தை ஆய்வாளர் சம்பளம், இரசாயனம், உபகரணம், ஆய்வுக்கூட வாடகை, மின்சாரம் என்று செலவிடலாம். விளம்பரத்துக்கும் விற்பனைப் பிரதிநிதிக்கும் கொடுக்க முடியாது. வேலை முழுவதையும் வெளியில் கொடுத்துவிட்டு இடைத்தரகராக உட்காரவும் முடியாது. முதல் கட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு, இரண்டாம் கட்டத்தில் பாதி வேலையை நிறுவனமே செய்தாக வேண்டும். ஆனால் ஒரு விதி நமக்குப் பிடித்திருக்கிறது. செலவுக்கு மேல் 7 சதவீதம் வரை 'இலாபம்' என்றே கேட்க என்.ஐ.எச். அனுமதிக்கிறது. அதை எதற்குச் செலவழித்தாய் என்று கேள்வி இல்லை. பலர் இதைக் காப்புரிமைச் செலவுக்கு வைத்துக்கொள்கிறார்கள். வியாபாரி இலாபமில்லாமல் உழைக்க மாட்டான் என்பதை ஓர் அரசாங்கம் ஒப்புக்கொண்டிருக்கிறதே என்பதில் நமக்கு ஒரு திருப்தி.

கண்டுபிடிப்பின் உரிமை நிறுவனத்துக்கே. அரசு தன் சொந்தத் தேவைக்கு மட்டும் உரிமைத்தொகை இன்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஆய்வு தோற்றால் பணத்தைத் திருப்பிக் கேட்பதில்லை. நேர்மையாகச் செய்து, பலிக்கவில்லை என்று அறிக்கை கொடுத்தால் போதும். கணக்கில் பொய் சொன்னால் கதை வேறு. ஒரே வேலையைக் காட்டி இரண்டு துறைகளில் பணம் வாங்கியவர்கள் நீதிமன்றப் படியேறியிருக்கிறார்கள்.

விண்ணப்பத்தை அதிகாரி தனியாகத் தீர்மானிப்பதில்லை. அத்துறை வல்லுநர்கள் படித்து 1 முதல் 9 வரை மதிப்பெண் இடுவார்கள். நம் பள்ளிக்கூட வழக்கத்துக்கு மாறாக, அங்கே 1 தான் மிக உயர்ந்தது. பெரும்பாலான விண்ணப்பங்கள் தள்ளுபடியாகின்றன. குறைகளைத் திருத்தி மறுபடியும் அனுப்பலாம். விண்ணப்பித்துப் பணம் கைக்கு வர அரையாண்டுக்கு மேல் ஆவதும் சாதாரணம். அதுவரை நிறுவனம் தாக்குப்பிடிக்க வேண்டும்.

நம் கடைச் சரக்கோடு தொடர்புள்ள ஓர் உதாரணம் சொல்கிறோம். 'சோனிகேர்' என்ற மின்சார டூத் பிரஷ்ஷைப் பலர் அறிந்திருப்பார்கள். 1987-இல் சியாட்டில் நகரத் தொழில்முனைவர் டேவிட் கியூலியானி, வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் டேவிட் எங்கல், ராய் மார்ட்டின் ஆகியோருடன் சேர்ந்து ஒரு சிறு நிறுவனம் தொடங்கினார். இதன் ஆய்வுக்கு என்.ஐ.எச். எஸ்.பி.ஐ.ஆர். மானியம் தந்தது. பொருள் வெளிவந்தது 1992 நவம்பரில். ஐந்தாண்டு கல்லாவில் காசு விழாத காலம்! எந்த வங்கி பொறுத்திருக்கும்?

வெளியிட்ட இடத்தையும் பாருங்கள்: புளோரிடாவில் நடந்த ஈறு மருத்துவர்கள் மாநாடு. விலை கூடிய பிரஷ். கடை அலமாரியில் சாதாரண பிரஷ் பக்கத்தில் வைத்தால் யாரும் தொட மாட்டார்கள். பல் மருத்துவர் சொன்னால் வாங்குவார்கள். ஆகவே முதலில் மருத்துவர்கள் வழியாக விற்றார்கள், கடைகளுக்குப் பிறகு வந்தார்கள். இந்த யோசனை மானியத்தில் வந்ததல்ல. 2000-ஆம் ஆண்டில் பிலிப்ஸ் கம்பெனி அந்த நிறுவனத்தையே வாங்கியது.

எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை. இரண்டாம் கட்டம் முடிந்து, மாதிரி கையில் இருந்தும், ஒப்புதலுக்கும் உற்பத்திக்கும் முதல் இல்லாமல் நின்றுபோகும் நிறுவனங்கள் ஏராளம். அந்த இடைவெளியை அங்கே 'மரணப் பள்ளத்தாக்கு' என்றே சொல்கிறார்கள். சட்டமும் நிரந்தரமானதல்ல, காலக்கெடுவோடு வருவது. 2008 முதல் 2011 வரை பத்துக்கும் மேற்பட்ட குறுகிய கால நீட்டிப்புகளிலேயே திட்டம் ஓடியது. 2025 செப்டம்பர் 30-இல் கெடு முடிந்தபோது நீட்டிப்பு நிறைவேறாமல் புதிய மானியங்கள் நின்றுபோயின. அரசுப் பணத்தை மட்டும் நம்பிச் சம்பளப் பட்டியல் போட்டவர்கள் நிலையை எண்ணிப் பார்க்கலாம்.

நம் நாட்டில் மத்திய அரசின் உயிர்தொழில்நுட்பத் துறை 2005-இல் எஸ்.பி.ஐ.ஆர்.ஐ. என்று ஒரு திட்டம் தொடங்கியது; பெயரிலேயே அமெரிக்கத் திட்டத்தின் சாயல் தெரிகிறது. 2012-இல் இதற்கென்றே பைராக் என்ற அரசு நிறுவனம் அமைந்தது. அதன் 'பிக்' மானியம் ஆரம்ப நிலை எண்ணங்களுக்கு 50 லட்சம் ரூபாய் வரை, 18 மாத காலத்துக்கு என்று வகுக்கப்பட்டது. வீடு கட்ட வங்கி தருவதுபோல, வேலை முடிய முடியத் தவணையாக வரும். ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், விண்ணப்பம் கோருவது வழக்கமாக இருந்து வந்துள்ளது. தனிநபரும் கேட்கலாம், ஆனால் ஆய்வுக்கூட வசதி தரும் தொழில் வளர்ப்பு மையம் ஒன்றில் இணைந்திருக்க வேண்டும். சென்னை ஐ.ஐ.டி., கோவை பி.எஸ்.ஜி., வேலூர் வி.ஐ.டி. ஆகியவற்றில் இத்தகைய மையங்கள் உள்ளன.

எனவே பத்திரத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் புறப்படும் உறுப்பினருக்கு நம் யோசனை இது. செயல்படுமா என்றே தெரியாத கட்டத்துக்குக் கடையை அடகு வைக்காதீர்கள். அந்தக் கட்டத்துக்காகத்தான் மானியம் இருக்கிறது. பிள்ளையை முதலில் ஒரு மையத்துக்குப் போகச் சொல்லுங்கள். "மானியம் நிச்சயம், பத்து சதவீதம் எங்களுக்கு" என்று முன்பணம் கேட்டு வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். வல்லுநர் குழு தீர்மானிப்பதை எவரும் நிச்சயப்படுத்த முடியாது. உங்கள் கைமுதலைக் கடைசிக் கட்டத்துக்கு வைத்திருங்கள். இந்தக் கருவியை யார் வாங்குவார், மருத்துவரா நோயாளியா, என்ன விலை தாங்கும், பழுதானால் யார் பார்ப்பது என்ற கேள்விகளை இப்போதே அவர்களுடன் உட்கார்ந்து பேசலாம். அந்தப் பதில்களை விண்ணப்பத்தின் வணிகப் பகுதியிலும் கேட்கிறார்கள்.